பள்ளிக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

அத்தியாயம் 14

ஸ்தோயன்காவைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. முப்பது வருடமாக வெர்பினாவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலித் தாளை ஒட்டுவது அவள்தான். வீட்டு வாசல், கடைக் கதவு, பேருந்து நிறுத்தம், தேவாலயச் சுவர். அடக்கத்துக்கு ஒரு தாள், நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, பிறகு வருடா வருடம். அதற்கென்றே அவளிடம் தனி வாளி, தனித் தூரிகை. செத்தவர் படத்தை மேசையில் கிடக்க விடுவது பாவம் என்பது அவள் சட்டம்.

செப்டம்பர் பதிமூன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கு பள்ளியில் ஆசிரியர் அறையைப் பெருக்க வந்தவள், மேசைமேல் பத்துத் தாள்களைப் பார்த்தாள். கறுப்புக் கரை. மேலே சிலுவை. நடுவில் ஒரு படம். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏழரைக்குள் பத்தும் ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது.

"ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக்குரிய வெர்பினா தொடக்கப் பள்ளி, நூற்றுப் பன்னிரண்டாம் வயதில், நீண்ட நோய்க்குப் பின் எங்களை விட்டுப் பிரிந்தது. துயரில் வாடுவோர்: இரண்டு ஆசிரியைகள், பதினேழு பிள்ளைகள்."

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். இன்றுதான் பக்கத்தைப் பிரித்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

பதினேழு பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளிக்கு நெவேனா தலைமையாசிரியை. அவளும் தங்கை அல்பெனாவும் மட்டுமே ஆசிரியைகள். பள்ளி வேன் ஓட்டுகிறவன் நெவேனாவின் கணவன் ப்லாமென். பதினாலாம் தேதி காலை பத்து மணிக்குக் கல்வித் துறைக் குழு வந்து பிள்ளைகளின் பெயர் ஏட்டைப் பார்க்கும். பதினாறு பெயர் இருந்தால் பள்ளி பிழைக்கும். ஒன்று குறைந்தாலும் பூட்டுப் போட்டு, பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

நெவேனா சும்மா இருக்கவில்லை. ஜூலையில் தலைநகர் சோஃபியாவுக்குப் போய் ஐந்து நாள் தலைமைப் பண்புப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். வந்ததிலிருந்து வண்ணத் தாளும் பேனாவுமாகத்தான் திரிகிறாள். பொறுப்பைப் பகிர்ந்து கொடு. மூன்று நிமிடம் குறுக்கிடாமல் கேள். முடிவிலிருந்து தொடங்கு. இந்தக் கடைசிப் பாடம்தான் வினையாகப் போனது.

"உங்க நிறுவனம் செத்துப்போச்சுன்னு வச்சுக்கங்க. அதோட மரண அறிவிப்பை உங்க ஆளுங்களையே எழுதச் சொல்லுங்க. பயம் தாள்ல இறங்கிட்டா, அப்புறம் கை சும்மா இருக்காது," என்று சொல்லியிருந்தார் பயிற்சியாளர் லூபென்.

நேற்று மாலை அல்பெனா எழுதினாள். கணினியில் கரை போட்டு, பள்ளியின் பழைய படத்தையும் சேர்த்து அச்சடித்தாள். இன்று மாலை பெற்றோர் கூட்டத்தில் அதைக் காட்டி, "இது நடக்காமலிருக்க என்ன செய்யலாம்?" என்று எல்லாரையும் பேச வைப்பது நெவேனாவின் திட்டம். லூபென் போன ஊர்களில் எல்லாம் மரண அறிவிப்பை வாளியோடு வந்து எடுத்துப்போக ஒரு ஸ்தோயன்கா இருந்திருக்க மாட்டாள்.

* * *

நெவேனா தலை வாரிக்கொண்டிருந்தபோது ப்லாமெனிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கே?"

"வீட்லதான். ஏன்?"

"கடைப் பக்கம் வராதே. நேரா பள்ளிக்கூடத்துக்குப் போ. இங்க பள்ளிக்கூடம் செத்துப்போச்சுன்னு துக்கக் காப்பி குடிச்சிட்டிருக்காங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக் கேட்டில் தாள் ஈரம் காயாமல் மினுமினுத்தது. யாரோ இரண்டு சாமந்திப் பூக்களைக் கம்பியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப் படையில் பூக் கொடுப்பார்கள், செத்தவர்களுக்கு இரட்டைப் படையில். நாளை மறுநாள் பள்ளி திறந்து முதல் மணி அடிக்கும்போது பிள்ளைகள் கையில் பூங்கொத்தோடு வர வேண்டிய கேட் அது. நெவேனா ஒரு பூவை உருவி எடுத்தாள்.

ஸ்தோயன்கா படிக்கட்டில் உட்கார்ந்து இடுப்பில் கட்டிய துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பதாம் நாளா, வருசத் திதியான்னுகூட பாக்கல டீச்சரம்மா. கறுப்புக் கரையைப் பாத்தேன், எடுத்துட்டுப் போயிட்டேன்."

"படத்தையாவது பாத்திருக்கலாமே அத்தை."

"பாத்தேனே. என்னவோ வீடு மாதிரி தெரிஞ்சுது. பெரிய வீட்டுக்காரங்க போல, வீட்டோட படத்தையே போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் நெவேனா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"சரி, வாங்க. கிழிச்சுட்டு வந்துடலாம்."

ஸ்தோயன்கா அசையவில்லை. "அதை மட்டும் சொல்லாதீங்க. அஞ்சலித் தாளைக் கையால கிழிக்கக் கூடாது. மழையில தானா கரைஞ்சு போகணும். இத்தனை வருசத்துல ஒண்ணைக்கூட நான் தொட்டதில்ல."

"இது பொய்த் தாள் அத்தை. யாரும் சாகல."

"பொய்யோ மெய்யோ, ஒட்டினது ஒட்டினதுதானே."

நெவேனா தானே நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். ஸ்தோயன்காவின் பசை லேசுப்பட்டதா? சிலுவையும் பாதிக் கூரையும் கேட்டிலேயே தங்கிவிட்டன. தலைமையாசிரியை தன் பள்ளியின் அஞ்சலியைப் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, எதிர்ச் சாரியில் போன இரண்டு பெண்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

* * *

எட்டரைக்குக் கமென் வந்தான். மிளகாய்த் தோட்டக்காரன். நெவேனாவோடு இதே கட்டடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவன் மகன் நாலாம் வகுப்பு.

"உட்காரு கமென்."

"உட்கார நேரமில்ல. பையனுக்கு இடமாற்றச் சான்று கொடு."

"அந்தத் தாள் ஒரு பயிற்சிக்காக எழுதினது. தப்பா ஒட்டிட்டாங்க. பள்ளி மூடல."

"தெரியும். கடையில உன் புருஷன் தொண்டை கிழிய அதைத்தான் சொல்லிட்டிருந்தான்."

"அப்புறம் என்ன?"

"எழுதினது யாரு? நீங்கதானே? வெளியாள் எவனாவது எழுதியிருந்தா பல்லைப் பேத்திருப்பேன். வைத்தியரே ஆள் போயிட்டான்னு எழுதிக் கொடுத்த பிறகு, நான் மட்டும் நாடியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

மூன்று நிமிடம் குறுக்கிடாமல் கேள் என்பது பாடம். நெவேனா ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தாள்.

"ஒரு வருஷம்தானே கமென்! நாலாம் வகுப்பை மட்டும் இங்க முடிச்சுக்கட்டும். உன் அப்பா இந்தக் கூரைக்கு ஓடு சுமந்தவர்."

"எங்கப்பாவைச் சொல்லாதே. உன் வீட்டைப் பாரு மொதல்ல. நகரத்துப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டறேன்னு உன் புருஷன் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டான். கூடப் படுக்கறவனுக்கே நம்பிக்கை இல்ல. எனக்கு எங்கிருந்து வரும்?"

நெவேனா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரியாதென்று கமெனுக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

சான்று கேட்டால் மறுக்கத் தலைமையாசிரியைக்கு உரிமை கிடையாது. நெவேனா எழுதினாள். முத்திரை குத்தினாள். முத்திரையின் ஓரம் தேய்ந்து விழுந்தது.

பதினாறு.

கமென் வாசலைத் தாண்டுவதற்குள் செவ்தா உள்ளே நுழைந்தாள். தையல் பட்டறையில் முதல் ஷிப்டை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், தோளில் நூல் ஒட்டியிருந்தது. மகள் சில்வியா இந்த வருடம்தான் முதல் வகுப்பு.

"ஏன் டீச்சர், உசுரு இருக்கும்போதே கருமாதி பண்ணுவீங்களா? என் பொண்ணு புதுப் பையை மாட்டிக்கிட்டே ராத்திரி தூங்குது. காலைல கடைக்குப் போனா, உன் பள்ளிக்கூடம் செத்துப்போச்சுன்னு எவளோ அவகிட்ட சொல்லியிருக்கா. அழுது அழுது வாந்தி எடுத்துட்டா."

"மன்னிச்சுடு செவ்தா."

"மன்னிப்பை வச்சு நான் என்ன பண்ண? பதினஞ்சாம் தேதி மணி அடிக்குமா, அடிக்காதா?"

"அடிக்கும்."

"பாருங்க, நான் ஏன் கேக்கறேன்னு உங்களுக்குத் தெரியும். நகரத்துல எங்க தெருப் பிள்ளைங்கன்னாலே ஒதுக்கிக் கடைசி பெஞ்சுல உக்கார வச்சு, கலர் பென்சில் கொடுத்து, சத்தம் போடாம இருன்னு சொல்லிடுவாங்க. என் அக்கா பிள்ளைங்க அஞ்சாம் வகுப்பு முடிச்சும் பேர் எழுதத் தெரியாம வந்தாங்க. என்னை நீங்க முன் பெஞ்சுல உக்கார வச்சீங்க. சில்வியாவும் அங்கதான் உக்காரணும். சத்தியமா அடிக்குமா?"

"சத்தியமா அடிக்கும்."

செவ்தா அவள் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள்.

* * *

மதியம் வீட்டு முற்றத்தில் ப்லாமென் தகர உருளையில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். செப்டம்பரில் எந்த முற்றத்தில்தான் புகை இல்லை? குளிர்காலத்துக்கு நாற்பது பாட்டிலாவது விழுது போட்டாக வேண்டும். ஊரே எரிந்தாலும் மிளகாய் காத்திருக்காது.

நெவேனா வந்து பக்கத்தில் நின்றாள்.

"எப்ப சொல்லலாம்னு இருந்தே?"

அவன் எதை என்று கேட்கவில்லை. உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"கமெனா சொன்னான்? அவன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்."

"ப்லாமென்."

"பதினாறு நின்னுட்டா ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்தேன். நிக்கலன்னா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல. ரெண்டு பேரும் ஒரே கிணத்துல விழணுமா? ஒருத்தராவது மேல நின்னு கயிறு போட வேண்டாமா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்னையும் நாற்காலியில உக்கார வச்சு, மஞ்சத் தாளைக் கொடுத்து, உன் மனசுல என்ன இருக்குன்னு எழுதுன்னு சொல்லியிருப்பே."

அவள் சிரிக்கவில்லை. சுட்ட மிளகாய் ஒன்றை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள். விரல் சுட்டது. உரித்துக்கொண்டே இருந்தாள். இருபது வருடக் குடும்பத்தில் இந்த மனிதன் அவளிடம் மறைத்த முதல் காரியம் இது. அதுவும் அவள் தோற்றுப்போவாள் என்று கணக்குப் போட்டு மறைத்தது. அந்த வலிக்குப் பயிற்சிக் குறிப்பேட்டில் மருந்து எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இன்னும் பதினாறு இருக்கு," என்றாள் கடைசியில்.

"இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இருக்கட்டும்."

* * *

காலையிலிருந்து அல்பெனாவைக் காணவில்லை. மூன்று மணிக்கு வந்தாள். அவள் எழுதிய தாளால் ஊரே அமளிதுமளிப்பட்டதை வழியிலேயே கேட்டிருப்பாள். ஆனால் முகத்தில் பதற்றம் இல்லை. அதுதான் நெவேனாவை முதலில் பயமுறுத்தியது.

"எங்க போயிருந்தே? எத்தனை தடவை போன் பண்றது?"

"நகரத்துக்குப் போயிருந்தேன்க்கா."

"எதுக்கு?"

அல்பெனா கைப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மேலே போயானின் பெயர். அவள் மகன், எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

நெவேனா அதைத் தொடவில்லை.

"இன்னைக்கா? இன்னைக்கா அல்பெனா? கமென் காலைல பையனைக் கூட்டிட்டுப் போயிட்டான். பதினாறுதான் இருக்கு. பதினாறாவது பேர் உன் பிள்ளையோடது!"

"தெரியும்."

"நாளைக்கழிச்சு கேளு. குழு வந்து போகட்டும், மறுநாளே எழுதித் தர்றேன்."

"அங்க மூணாம் வகுப்புல ஒரு இடம்தான் இருக்கு. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம்."

"உனக்கும் அங்க வேலை போட்டாச்சா?"

"இல்ல. எனக்கு வேலை கிடையாது. சத்தியமா கேக்கவே இல்ல. அவனுக்கு மட்டும்தான்."

நெவேனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்ல வேண்டிய வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன. துரோகி, நன்றி கெட்டவள், அம்மா செத்த பிறகு உன்னை யார் வளர்த்தது. வாயைத் திறந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பேசு. மூணு நிமிஷம். நான் குறுக்க பேசமாட்டேன்."

ஐந்து நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டதை அவள் அன்றுதான் முதல் முறையாக ஒழுங்காகச் செய்தாள்.

"மூணாம் வகுப்புல அவன் ஒருத்தன்தான்க்கா," என்றாள் அல்பெனா. "போன வருஷம் ரெண்டாம் வகுப்புலயும் ஒருத்தன்தான். நாலு வகுப்பையும் ஒரே அறையில வச்சு நான் ஒண்ணாங்கிளாசுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிற நேரம் பூரா அவன் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். பந்தைச் சுவத்துல அடிக்கிறான், திரும்பி வர்றதைப் பிடிக்கிறான். பள்ளிக்கூடத்துல என்னை டீச்சர்னு கூப்பிடறான், வீட்டுக்கு வந்தும் டீச்சர்னு கூப்பிடறான். போன மாசம் பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடலாம்னு கேட்டேன். ஸ்தோயன்கா பாட்டியைக் கூப்பிடலாம்னு சொன்னான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நேத்து அந்தத் தாளை எழுதச் சொன்னே. பயத்தை எழுதுன்னே. நானும் பயந்துகிட்டேதான் உக்காந்தேன். எழுத எழுத எனக்கு அழுகையே வரலக்கா. நிம்மதியா இருந்துச்சு. நம்ம பள்ளிக்கூடம் செத்துப்போச்சுன்னு எழுதி முடிச்சுட்டு, எத்தனையோ நாளைக்கப்புறம் நிம்மதியா மூச்சு விட்டேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. உன் முகத்துக்காகத்தான் அவனை இங்க வச்சிருந்தேன்."

மூன்று நிமிடம் ஆகியிருக்காது. அல்பெனா கடிகாரத்தை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

நெவேனா செவ்தாவை நினைத்தாள். சில்வியாவின் புதுப் பையை நினைத்தாள். தங்கையிடம் அதைச் சொல்லி மன்றாடலாம். ஆனால் ஒரு பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைப்பதற்காக இன்னொரு பிள்ளையைத் தனியாக உட்கார வைக்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வாள்? காது கொடுக்காமலிருந்தால் தங்கையைத் தடுத்துப் பார்த்திருக்கலாம். கேட்டுத் தொலைத்துவிட்டாள்.

சான்றுப் புத்தகத்தை எடுத்தாள். போயானின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. இன்றைய தேதி. இந்த முறை முத்திரை சுத்தமாக விழுந்தது.

அல்பெனா அதை மடித்து வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவும் முடியவில்லை, சும்மா போகவும் முடியவில்லை. கதவருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று ஓடினாள்.

* * *

மாலை ஆறு மணிப் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. செத்த வீட்டில் என்ன கூட்டம் என்று இருந்துவிட்டார்கள். வட்டமாகப் போட்ட பதினைந்து நாற்காலிகளை நெவேனா ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். ப்லாமென் வந்து கூட அடுக்கினான்.

"ஏட்டுல எத்தனை?" என்று கேட்டான்.

"பதினஞ்சு."

யார் என்று அவன் கேட்கவில்லை. மூன்று மணிக்கு அல்பெனா நகரத்துப் பேருந்திலிருந்து இறங்கியதைப் பார்த்திருந்தான்.

ஏடு மேசைமேல் விரிந்து கிடந்தது. கமென் மகனின் பெயரில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. போயானின் பெயரில் இன்னும் இல்லை.

"சான்றுதானே கொடுத்திருக்கே," என்றான் ப்லாமென் மெதுவாக. "கோட்டை இன்னைக்கே போடணும்னு என்ன? அவங்க பத்து மணிக்கு வருவாங்க, பதினொண்ணுக்குப் போயிடுவாங்க. அப்புறம் போடேன். ஒரு வருஷம் ஓடும்."

"நீ எந்தப் பக்கம் பேசறே? பஸ் ஓட்டக் கையெழுத்துப் போட்டவன்தானே?"

"எனக்கே தெரியல. உன்னைப் பாத்தா சொல்லத் தோணுது, சொல்றேன்."

நெவேனா யோசித்தாள். பொய்தான். ஆனால் யார் குடியைக் கெடுக்கிற பொய்? ஒரு பெயர், ஒரு காலைப்பொழுது. ஆனால் குழு வரும்போது அல்பெனாவும் அறையில் இருப்பாள். உங்கள் பையன் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் அவளும் பொய் சொல்ல வேண்டும். அதைத் தங்கையிடம் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள்.

மூன்றாவது மணியில் எடுத்தது போயான்.

"பெரியம்மா! அம்மா குளிக்கிறாங்க. பெரியம்மா, உங்களுக்குத் தெரியுமா, நான் புதுப் பள்ளிக்கூடம் போறேன்! அங்க மூணாம் வகுப்புல எத்தனை பேரு சொல்லுங்க? இருபத்தாறு! நிஜமா! இருபத்தாறு!"

அவன் மூச்சு வாங்குவது போனில் கேட்டது. ப்லாமென் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னைச் சேத்தா இருபத்தேழுடா கண்ணா," என்றாள் நெவேனா.

போனை வைத்துவிட்டு அளவுகோலை எடுத்துப் போயானின் பெயருக்கு நேரே வைத்து, சிவப்பு மையில் ஒரே கோடாக இழுத்தாள். ப்லாமென் திரும்பிக்கொண்டு மீதி நாற்காலிகளை அடுக்கினான்.

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பட்டறை வேலை முடிந்து வந்த செவ்தா, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.